உக்ரைனில் மின்நிலையங்களை ஏன் குறிவைத்து அடிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சப்ஸ்டேஷனில், அதாவது பவர் ஹவுஸிலிருந்து வரும் மின்சாரத்தின் வோல்டேஜை மாற்றிப் பிரித்தனுப்பும் துணை மின்நிலையத்தில், ஷிஃப்ட் பார்த்தே பாதி வாழ்க்கை போனவன் நான். ரஷ்யா தாக்கி உக்ரைனில் ஒரு மின்நிலையம் எரியும் படம் செய்தியில் வந்தால் போதும், சொந்தக்காரர்களும் பழைய நண்பர்களும் என்னிடம்தான் கேட்பார்கள். திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் வருவதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டுப் பதிலை எழுதி வைத்திருக்கிறேன்.

கரண்ட் போனா மெழுகுவத்தி ஏத்திக்க வேண்டியதுதானே? இதை ஏன் இவ்வளவு பெரிசா பேசுறாங்க?

விளக்கு அணைவது அதில் மிகச் சின்ன விஷயம். மோட்டார் ஓடாவிட்டால் குடிதண்ணீர் மேல்மாடிக்கு ஏறாது. கழிவுநீரை இறைக்கும் நிலையமும் நின்றுபோகும். செல்போன் டவர்களின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கீவ் நகரில் பதினாறு, இருபது மாடிக் குடியிருப்புகள் ஏராளம். 2022 குளிர்காலத்தில் அங்கே பல கட்டடங்களின் லிஃப்டுக்குள் மக்களே ஒரு பெட்டி வைத்தார்கள்: தண்ணீர் பாட்டில், பிஸ்கட், டார்ச். கரண்ட் போய் நடுவில் மாட்டிக்கொள்கிறவருக்காக.

எல்லாவற்றையும்விட முக்கியம் வெப்பம். வெயில் ஊர்க்காரர்களான நமக்கு இது சட்டென்று புரியாது. உக்ரைன் நகரங்களில் வீட்டுக்கு வீடு ஹீட்டர் வைத்துக் குளிர் காய்வதில்லை. ஊருக்குப் பொதுவான கொதிகலன் நிலையத்தில் சூடாகும் தண்ணீர், தெருவடியில் போகும் குழாய்கள் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து, அறைச்சுவரில் இருக்கும் இரும்புக் குழாய்களைச் சூடாக்கிவிட்டுத் திரும்பிப் போகும். அந்தத் தண்ணீரைத் தள்ளுவது மின்சார பம்ப். வெளியே மைனஸ் பத்து டிகிரி இருக்கும்போது பம்ப் நின்றால், குழாயில் தேங்கிய தண்ணீர் உறைந்து பெருத்துக் குழாயையே வெடிக்க வைக்கும். அதனால் கரண்ட் நீண்ட நேரம் வராது என்று தெரிந்தால் ஊழியர்கள் கட்டடத்தின் தண்ணீரையே வடித்துவிடுவார்கள். பிறகு கரண்ட் வந்தாலும் சூடு உடனே வராது. ஜனவரி மாதத்தில் ஒரு சப்ஸ்டேஷனை அடிப்பதும் ஜூலையில் அடிப்பதும் ஒன்றாகாது.

போர் தொடங்கின நாள்லேர்ந்தே இப்படித்தானா?

இல்லை. 2022 பிப்ரவரி 24 அன்று படையெடுப்பு தொடங்கியபோது மின்கட்டமைப்பு முக்கிய இலக்காக இருக்கவில்லை. சீக்கிரமே ஊரைப் பிடித்துவிடுவோம் என்று நினைப்பவர்கள் அதன் மின்நிலையத்தை ஏன் உடைக்கப்போகிறார்கள்? செப்டம்பரில் கார்கிவ் பகுதியில் ரஷ்யப் படை பின்வாங்கியது. அக்டோபர் 8 அன்று, 2014-ல் ரஷ்யா பிடித்த கிரிமியாவை ரஷ்யாவோடு இணைக்கும் கெர்ச் பாலத்தில் குண்டு வெடித்தது. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 10 காலையில், எண்பதுக்கும் மேற்பட்ட ஏவுகணைகள் உக்ரைன் முழுக்கப் பாய்ந்தன. முறையான மின்கட்டமைப்புத் தாக்குதல் அன்றுதான் ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் நாட்டின் மின்நிலையங்களில் 30 சதவீதம் அழிந்துவிட்டதாக அதிபர் ஸெலென்ஸ்கி அறிவித்தார்.

அடிக்கிறவன் பவர் ஹவுஸைத்தானே அடிக்கணும்? சப்ஸ்டேஷனை ஏன் அடிக்கிறான்?

சப்ஸ்டேஷன் திறந்தவெளியில் இருக்கிறது, அதனால்தான். அணு உலையைச் சுற்றித் தடித்த கான்கிரீட் இருக்கும். அனல்மின் நிலையத்தின் டர்பைன் கட்டடத்துக்குள் இருக்கும். ஆனால் சப்ஸ்டேஷனின் 330, 750 கிலோவோல்ட் யார்டில் (கருவிகள் நிற்கும் முற்றத்தில்) வோல்டேஜை மாற்றும் டிரான்ஸ்பார்மர், மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர், லைன்களை இணைக்கும் பஸ்பார் எல்லாம் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. ஒரு பெரிய டிரான்ஸ்பார்மருக்குள் பல பத்து டன் எண்ணெய் இருக்கும். சின்ன குண்டு பட்டாலே எண்ணெய் தீப்பற்றி, மிச்சத்தை அந்தத் தீயே முடித்துவிடும்.

இன்னொன்று, உக்ரைனின் மின்கட்டமைப்பு சோவியத் காலத்தில் கட்டப்பட்டது. எந்த நிலையம் எந்த லைனில் இருக்கிறது, எதைத் தட்டினால் எது சரியும் என்பது மாஸ்கோவுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. வரைபடம் கையில் இருக்கிறவன் போடும் அடி அது.

டிரான்ஸ்பார்மர்தானே? வேற வாங்கி வைக்கலாமே?

தெருமுனையில் கம்பத்தில் தொங்கும் டிரான்ஸ்பார்மராக இருந்தால் வாங்கி வைக்கலாம். 750 கிலோவோல்ட் டிரான்ஸ்பார்மர் கடையில் கிடைக்கிற சரக்கு கிடையாது. ஆர்டர் கொடுத்த பிறகே செய்வார்கள். செய்து முடிக்கப் பல மாதங்களில் இருந்து ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். எடை 200 டன்னைத் தாண்டும். எண்ணெயை வடித்து, தனி ரயில் வண்டியிலோ வரிசை வரிசையாகச் சக்கரம் வைத்த டிரெய்லரிலோதான் நகர்த்த முடியும். பாலம் எடை தாங்குமா என்று வழி நெடுகப் பார்க்க வேண்டும்.

மேற்கு ஐரோப்பாவிலிருந்து பழையதை அனுப்புவதிலும் சிக்கல் உண்டு. அங்கே பெரிய லைன்கள் 380, 400 கிலோவோல்ட். உக்ரைனில் 330, 750. அந்த அளவு கருவிகள் முன்னாள் சோவியத் நாடுகளில்தான் அதிகம். லித்துவேனியா, மூடிக்கிடந்த ஒரு அனல்மின் நிலையத்தையே கழற்றி உதிரிப் பாகங்களாக அனுப்பி வைத்தது.

ஒரு இடத்துல அடிச்சா நாடு முழுக்க எப்படி இருட்டாகும்?

மின்சாரத்தை அந்த அளவில் சேர்த்து வைக்க முடியாது. எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு அந்த நொடியே உற்பத்தியாக வேண்டும். இந்தச் சமநிலையைக் காட்டுவதுதான் ஃப்ரீக்வென்சி, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். உற்பத்தி திடீரென்று குறைந்தால் முள் கீழே இறங்கும். கொஞ்சம் இறங்கினால் ரிலே என்ற காவல் கருவி தானாகவே சில ஃபீடர்களை (ஊர்ப்பகுதிகளுக்குப் போகும் லைன்களை) வெட்டி லோடைக் குறைக்கும். அதற்கும் நிற்காமல் சரிந்தால், டர்பைனைக் காப்பாற்ற மின்நிலையங்களே டிரிப் ஆகி நின்றுவிடும். ஒன்று விழுந்தால் அதன் பாரம் அடுத்ததன் தலையில். அப்புறம் அதுவும் விழும்.

குண்டே விழாமலும் இது நடக்கும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டது இப்படித்தான். தென்னகக் கட்டமைப்பு அப்போது தனியாக இருந்ததால் தமிழ்நாடு தப்பியது. உக்ரைனில் 2022 நவம்பர் 23 தாக்குதலில் ரிவ்னே, ஹ்மெல்னிட்ஸ்கி, தெற்கு உக்ரைன் ஆகிய மூன்று அணுமின் நிலையங்களும் கட்டமைப்பிலிருந்து விடுபட்டன. ஒரு உலையின் மீதும் ஏவுகணை விழவில்லை. லைன் போனதால் உலைகள் தாமாகவே நின்றன. பக்கத்து நாடான மால்டோவாவிலும் பாதிக்கு மேல் இருட்டு.

வர்றதை எல்லாம் சுட்டு வீழ்த்த முடியாதா?

பெரும்பாலானவற்றை வீழ்த்துகிறார்கள். ஆனால் நூறில் ஐந்து தப்பினாலும் அந்த ஐந்தும் ஒரே யார்டில் விழுந்தால் போதும். ஷாஹெத் என்ற ஈரானிய வடிவமைப்பு டிரோன், மொபெட் மாதிரி டர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாகத்தான் வரும். விலை குறைவு, எண்ணிக்கை ஏராளம். அவற்றை முதலில் அனுப்பிப் பாதுகாப்பு வீரர்களைக் களைக்க வைத்து, அதன் பின்னால் ஏவுகணையை விடுவார்கள். வருவதை வானிலேயே வீழ்த்தும் அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணை ஒன்றின் விலை சில மில்லியன் டாலர். டிரோனுக்கெல்லாம் அதைச் செலவழிக்க முடியாது.

அதனால் தரையிலும் வேலை நடக்கிறது. டிரான்ஸ்பார்மரைச் சுற்றிக் கற்களும் மணலும் நிரப்பிய பெரிய கம்பிவலைக் கூடைகளை அடுக்குகிறார்கள். அது சிதறல்களைத் தடுக்கும். அடுத்த கட்டமாகக் கான்கிரீட் கூடு கட்டுகிறார்கள். டிரோனை அது தாங்கும். நேராக வந்து விழும் பெரிய ஏவுகணையைத் தாங்கும் கூடு கட்டுவது பெரிய செலவு, எல்லா இடத்திலும் முடியாது.

அப்புறம் 2024ல பவர் ஹவுஸையே அடிச்சாங்களே, அது ஏன்?

முதல் குளிர்காலத்தில் சப்ஸ்டேஷனை அடித்தார்கள், உக்ரைன்காரர்கள் ஒட்டுப்போட்டு மீட்டுவிட்டார்கள். 2024 மார்ச்சில் உத்தி மாறியது. மார்ச் 22 அன்று கார்கிவ் அருகே ஸ்மீவ் அனல்மின் நிலையம் நாசமானது. ஸபோரீஷியாவில் தினீப்ரோ நீர்மின் நிலையம் பலத்த அடி வாங்கியது. அந்த அணை 1932-ல் திறக்கப்பட்டது. 1941-ல் ஜெர்மானியர் கைக்குப் போகக் கூடாதென்று சோவியத் படையே அதை வெடிவைத்துத் தகர்த்து, போருக்குப் பின் மறுபடி கட்டிய வரலாறு அதற்கு உண்டு. ஏப்ரல் 11 அன்று கீவ் மாகாணத்தின் மிகப் பெரிய அனல்மின் நிலையமான திரிபிள்யா முழுதாக எரிந்தது. அந்த வசந்தகாலத்தில் மட்டும் சுமார் 9,000 மெகாவாட் உற்பத்தித் திறன் போனது. நாட்டின் குளிர்காலத் தேவையில் அது ஏறக்குறைய பாதி.

அணுமின் நிலையங்கள் இரவும் பகலும் ஒரே அளவில் ஓடும். மாலையில் எல்லோரும் அடுப்பைப் போடும் நேரத்துக்கு உற்பத்தியைச் சட்டென்று ஏற்றி இறக்குவது அனலும் புனலும்தான். அந்த இரண்டையும் ஒடித்தால், மொத்தக் கணக்கில் மின்சாரம் இருக்கும், வேண்டிய நேரத்தில் இருக்காது. கணக்குப் போட்டு அடித்த அடி இது.

மக்கள் எப்படித்தான் சமாளிக்கிறாங்க?

ஊரைக் குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழுவுக்கு எப்போது இருக்கும், எப்போது இருக்காது என்று அட்டவணை போடுகிறார்கள். மின்வெட்டுக் காலத்தை அனுபவித்தவர்களுக்கு இது புதிதல்ல. மக்கள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து துணி துவைக்கிறார்கள், சமைக்கிறார்கள். 2022 நவம்பரிலிருந்து அரசு ‘தளராமை மையங்கள்’ என்று ஆயிரக்கணக்கில் திறந்தது. பள்ளிக்கூடத்திலோ கூடாரத்திலோ ஒரு ஜெனரேட்டர், கதகதப்பு, தேநீர், செல்போன் சார்ஜ் போட நீளமாக ஒரு பிளக் வரிசை.

நான் தலைவணங்குவது லைன்மேன்களுக்கும் பழுதுபார்க்கும் குழுக்களுக்கும். ஒரு தடவை அடித்துவிட்டு, பழுது பார்க்க ஆட்கள் வந்து சேர்ந்த பிறகு அதே இடத்தில் மறுபடி அடித்த சம்பவங்கள் உண்டு. வேலையில் இருக்கும்போதே பலர் இறந்திருக்கிறார்கள். எரிந்த எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே, சைரன் ஒலிக்கையில் கருவியை வைத்துவிட்டு ஓடி, அது நின்றதும் திரும்பி வந்து அதே போல்ட்டை முறுக்குகிறவர்கள் அவர்கள்.

ராணுவமும் அதே கரண்டைத்தானே எடுக்குது? அப்ப அது ராணுவ இலக்குதானே?

சட்டமும் அப்படிப்பட்ட வாதத்துக்குக் கொஞ்சம் இடம் தருகிறது. அதை மறைக்கக் கூடாது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை, 52-ஆம் பிரிவில், ராணுவச் செயல்பாட்டுக்கு உண்மையில் உதவுவதாகவும், அதை அழிப்பதால் திட்டவட்டமான ராணுவப் பலன் கிடைப்பதாகவும் இருந்தால் ஒரு பொருள் இலக்காகலாம் என்கிறது. ஒரு ஆயுதத் தொழிற்சாலைக்கு மட்டும் போகும் லைன் அப்படிப்பட்டது.

அதோடு முடிவதில்லை. 51-ஆம் பிரிவு இரண்டு கதவுகளை அடைக்கிறது. கிடைக்கும் ராணுவப் பலனைவிடப் பொதுமக்களுக்கு வரும் சேதம் அளவுக்கு மீறினால் தாக்கக் கூடாது. மக்களைப் பீதியில் ஆழ்த்துவதே முதன்மை நோக்கமாக இருந்தாலும் கூடாது. ஒரு நகரத்தின் வெப்பத்தையும் தண்ணீரையும் நடுக்குளிரில் நிறுத்திவிட்டு, ராணுவ முகாமுக்கும் அதே லைன்தான் என்று சொல்வது எடுபடாது. முகாமில் டீசல் ஜெனரேட்டர் இருக்கும். மூன்றாவது மாடியில் இருக்கும் பாட்டியிடம் இருக்காது.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றமும் இந்த வழியில்தான் யோசித்தது. 2024 மார்ச் 5 அன்று, நெடுந்தூர விமானப்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய செர்கெய் கோபிலாஷ், கருங்கடல் கடற்படைத் தளபதியாக இருந்த விக்டர் சோகலோவ் இருவர் மீதும் பிடியாணை பிறப்பித்தது. அதே ஆண்டு ஜூனில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் செர்கெய் ஷோய்குவும் படைத்தலைவர் வலேரி கெராசிமோவும் சேர்ந்தார்கள். சில நிலையங்கள் ராணுவ இலக்காகவே இருந்திருந்தாலும் பொதுமக்களுக்கு வந்த தீங்கு வெளிப்படையாகவே மிகையானது என்பது நீதிமன்றத்தின் பார்வை. ரஷ்யா அந்த நீதிமன்றத்தை ஏற்கவில்லை.

இதே வேலையை அமெரிக்கா செஞ்சப்ப யாரும் கேக்கலையே?

நியாயமான கேள்வி. 1952 ஜூனில் கொரியாவில் யாலு ஆற்றின் சுயிஹோ அணை மின்நிலையத்தையும் மற்றவற்றையும் அமெரிக்க விமானங்கள் தாக்கி, வடகொரியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதியை அணைத்தன. 1991-ல் ஈராக்கின் மின்நிலையங்களை வரிசையாக அடித்தார்கள். குடிநீர் சுத்திகரிப்பும் கழிவுநீர் இறைப்பும் நின்று, சாக்கடை ஆற்றில் கலந்து, வயிற்றுப்போக்கு நோய்கள் பரவி, போர் முடிந்த பிறகும் குழந்தைகள் இறந்தார்கள். முதல் பதிலில் சொன்ன தண்ணீர் விஷயத்தை உலகம் கற்றுக்கொண்டது அங்கேதான்.

1999 மே 2 இரவு, நேட்டோ விமானங்கள் செர்பியாவின் யார்டுகள் மேல் மெல்லிய கிராஃபைட் இழைகளைத் தூவின. லைன்களில் படிந்த இழைகள் ஷார்ட் சர்க்யூட் உண்டாக்கி, நாட்டின் 70 சதவீதம் இருண்டது. கழுவித் துடைத்தால் சரியாகிவிடும், நிரந்தரச் சேதம் இல்லை என்று அதை நியாயப்படுத்தினார்கள். மே மாதக் கடைசியில் அதே இடங்களை நிஜ குண்டுகளால் அடித்தார்கள். அமெரிக்கா அந்த 1977 நெறிமுறையில் கையெழுத்திட்டது, ஆனால் இன்றுவரை உறுதிசெய்யவில்லை. பாக்தாத்தில் தவறு என்றால் கார்கிவிலும் தவறு. பழைய தவறைக் காட்டிப் புதியதை மன்னிக்க என்னால் முடியாது.

உக்ரைனும் ரஷ்யாவோட ரிஃபைனரியை அடிக்குதே?

அடிக்கிறது. 2024 தொடக்கத்திலிருந்து நெடுந்தூர டிரோன்களால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளைத் தாக்கி வருகிறது. 2025-ல் ரஷ்யாவின் சில பகுதிகளில் பெட்ரோலுக்கு மக்கள் வரிசையில் நிற்கும் அளவுக்குப் போனது. போர் வண்டிகளுக்கு டீசல் தரும் ஆலையைச் சட்டப்படி இலக்கு என்று வாதிடுவது, ஒரு நகரத்தின் வெப்ப நிலையத்தைவிட எளிது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. ஆனால் எல்லையை ஒட்டிய ரஷ்யாவின் பெல்கோரத் நகரில் மின்சாரமும் வெப்பமும் போகும்படி அடித்தால், அங்கே குளிரில் நடுங்குகிறவரும் சாதாரண மனிதர்தான். பொதுமக்களுக்கு வரும் தீங்கு மிகையா என்று கோபிலாஷ் வழக்கில் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். 2015 நவம்பரில், பெரிய போருக்கு முன்பே, கிரிமியாவுக்குப் போகும் மின்கோபுரங்களை உக்ரைன் பக்கத்தில் வெடிவைத்துச் சாய்த்தார்கள். ஏறக்குறைய 20 லட்சம் பேர் இருட்டில் இருந்தார்கள்.

இலங்கைப் போர்லயும் இது நடந்திருக்கே?

நடந்தது, இரண்டு பக்கமும். 1995 அக்டோபர் 20 அன்று புலிகள் கொழும்பு அருகே கொலன்னாவை எண்ணெய்க் குதங்களைத் தாக்கினார்கள். 2008 அக்டோபர் 28 இரவு அவர்களுடைய சிறு விமானம் களனிதிஸ்ஸ மின்நிலையத்தில் குண்டு போட்டது. வடக்கிலோ, 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் பல வருடம் மின்சாரமே இல்லாமல் வாழ்ந்தார்கள். மண்ணெண்ணெய்க்கும் பேட்டரிக்கும்கூட அரசின் தடை இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்டால், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றி விளக்கேற்றிப் படித்ததையும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்டதையும் சொல்வார்கள்.

சரி, இப்படி அடிச்சு யாராவது சரணடைஞ்சிருக்காங்களா?

இருட்டு மட்டுமே ஒரு நாட்டை மண்டியிட வைத்ததற்கு உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. சுயிஹோ அடிபட்ட பிறகு கொரியப் போர் இன்னும் ஒரு வருடம் நடந்தது. செர்பியா ஒரு மாதத்தில் பணிந்தது உண்மை. ஆனால் ரஷ்யா கைவிட்டது, தரைப்படை வரும் என்ற பயம் என்று வேறு காரணங்களும் அதில் இருந்தன. உக்ரைனில் 2022 அக்டோபர் கடைசியில், முதல் அலைத் தாக்குதலுக்குப் பிறகு, கீவ் சர்வதேச சமூகவியல் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 86 சதவீதம் பேர் தாக்குதல் தொடர்ந்தாலும் போராட வேண்டும் என்றார்கள்.

ஆனால் மக்கள் சளைக்கவே மாட்டார்கள் என்று சொல்வதும் பொய். 2025-ல் கேலப் நிறுவனம் கேட்டபோது 69 சதவீதம் பேர் பேசிச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றார்கள். அதில் மின்வெட்டின் பங்கு எவ்வளவு, போர்முனைச் சாவுகளின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பணிய வைப்பது ஒரு நோக்கம் என்றால், தேய வைப்பது இன்னொன்று. தொழிற்சாலை நிற்கிறது, குழந்தைகளோடு குடும்பங்கள் வெளிநாடு போகின்றன, போர்முனையில் நிற்க வேண்டிய வான்பாதுகாப்புக் கருவி நகரத்தில் நிற்கிறது. இந்தக் கணக்கில் அடிப்பவனுக்குப் பலன் இருக்கிறது. அதனால்தான் நிறுத்துவதில்லை.

ஹேக் பண்ணியே கரண்டை நிறுத்திடலாமாமே?

உக்ரைனில்தான் அது முதலில் நடந்தது. 2015 டிசம்பர் 23 அன்று மேற்கு உக்ரைனின் மின்விநியோக நிலையத்தில், ஆபரேட்டர் கண்ணெதிரே திரையில் மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தது. அன்று தாக்கப்பட்ட மூன்று மின்விநியோக நிறுவனங்களில் சேர்த்துச் சுமார் 2,25,000 இணைப்புகள் போயின. ஊழியர்கள் வண்டி எடுத்துப் போய்க் கையாலேயே பிரேக்கர்களைப் போட்டுச் சில மணி நேரத்தில் மீட்டார்கள். ஹேக்கர் திறந்த பிரேக்கரைத் திரும்பப் போட்டுவிடலாம். எரிந்த டிரான்ஸ்பார்மருக்கு மீட்பு நாலாவது பதிலில் சொன்ன கதைதான்.

அணுமின் நிலையத்துல குண்டு விழுந்தா செர்னோபில் மாதிரி ஆகிடுமா?

எனக்கு உலையில் விழும் குண்டைவிட லைன் அறுவதுதான் அதிகக் கவலை. ஐரோப்பாவிலேயே பெரியதான ஸபோரீஷியா அணுமின் நிலையம் 2022 மார்ச் 4 முதல் ரஷ்யாவின் கையில். ஆறு உலைகளும் 2022 செப்டம்பரிலிருந்து மின்னுற்பத்தி செய்யவில்லை. நிறுத்திய உலையின் எரிபொருளும் சூடு கக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் பம்புகளுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். 2025 செப்டம்பர் 23 அன்று கடைசி லைனும் போய், ஒரு மாதம் டீசல் ஜெனரேட்டர்களை நம்பியே அந்த நிலையம் இருந்தது. நீண்ட நாள் நின்றிருந்த உலைகள் என்பதால் வெப்பம் குறைவு, அவகாசம் அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் உலைக்கு அந்த அவகாசம் கிடையாது.

நாளைக்கே போர் நின்னா எப்ப பழைய மாதிரி ஆகும்?

வீட்டில் விளக்கு எரிவதைக் கேட்டால், சில வாரங்களிலேயே பெரிய முன்னேற்றம் தெரியும். போர் தொடங்கி மூன்றே வாரத்தில், 2022 மார்ச் 16 அன்று, உக்ரைன் ஐரோப்பியக் கட்டமைப்போடு இணைந்தது. அந்த வழியில் இப்போது 2,000 மெகாவாட்டுக்கு மேல் வாங்க முடிகிறது. திரிபிள்யா மாதிரி ஒரு நிலையத்தைத் திரும்பக் கட்டப் பல வருடம் ஆகும். பழைய நிலக்கரி நிலையத்தை அப்படியே கட்டுவதா என்ற கேள்வியும் இருக்கிறது. ஒரே பெரிய நிலையத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்ன எரிவாயு எந்திரங்கள், கூரை சோலார், பேட்டரி என்று ஊர் ஊராகப் பரப்பி வைக்கும் வேலை போரின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. ஒரு ஏவுகணைக்கு ஒரு ஊர் என்றில்லாமல், ஒரு ஏவுகணைக்கு ஒரு தெரு என்று ஆக்கப் பார்க்கிறார்கள்.